ஒன்பதாவது பாசேஜ்

டத்தோ கிராமாட், ஜார்ஜ்டவுன்
14 செப்டம்பர் 2025

பிரமிளா அக்கா,

நீங்கள் ஃபோனில் என்னை ப்ளாக் செய்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரரை ப்ளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் நூர் ஃபாத்திஹா இந்த வருஷம் ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிவிட்டது. பக்கத்துச் சாலையில் குணாளன் நடத்தும் டியூஷன் சென்டரில் இங்கிலீஷுக்குச் சேர்த்திருக்கிறேன். வீட்டிலேயே இங்கிலீஷ் டீச்சர் இருக்கும்போது டியூஷன் எதற்கு என்று கேட்பீர்கள். பெற்ற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் சண்டைதான் மிச்சம். அது உங்களுக்கே தெரியும்.

நேற்று அவள் மேஜையில் ஒரு மீள்பார்வைப் புத்தகம் கிடந்தது. இலக்கியச் சொற்கள், சொல்வளம், வாசிப்புத் திறன், எல்லாம் சேர்த்துப் பத்து பாசேஜ். நன்றாகத்தானே இருக்கிறது என்று புரட்டினேன். அட்டையில் பெயர் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே யார் கை என்று தெரிந்துவிட்டது. சிமிலிக்கும் மெட்டாஃபருக்கும் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையை உதாரணம் காட்ட உங்களை விட்டால் பினாங்கில் யார் இருக்கிறார்கள்?

அப்புறம் ஒன்பதாவது பாசேஜுக்கு வந்தேன்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், நாம் இருவரும் ஒரே பள்ளியில் இருந்தபோது, உங்களைப் பற்றிக் கல்வி இலாகாவுக்குப் போன மொட்டைக் கடிதம். அதை அப்படியே அச்சடித்திருக்கிறீர்கள். ஊர் பெயரையும் பள்ளி பெயரையும் மட்டும் எடுத்துவிட்டு, உங்களை 'டீச்சர் எக்ஸ்' ஆக்கிவிட்டு, மீதி வரிக்கு வரி அதேதான். கீழே பத்துக் கேள்வி. 'கடிதம் எழுதியவரின் தொனி என்ன? எழுதியவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் என்ன உறவு இருக்கும் என்று ஊகிக்கிறாய்? பாசேஜிலிருந்து சான்று காட்டு.'

பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அதுவும் என் பிள்ளை கையில்?

அதை நான் எழுதினேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நான் எழுதவில்லை. பதினோரு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டீர்களா? கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பிள்ளைகள் விடை எழுதுவதற்குள் அந்தப் பாசேஜைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

சலேஹா


பாகான் டாலாம், பட்டர்வொர்த்
20 செப்டம்பர் 2025

சலேஹா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை மேலோட்டமாக. இரண்டாம் தடவை தகவலுக்காக. மூன்றாம் தடவை, எதை எழுதாமல் விட்டிருக்கிறாய் என்று பார்ப்பதற்காக. பிள்ளைகளுக்கு நாம் அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறோம்?

'நான் எழுதவில்லை' என்று எழுதியிருக்கிறாய். 'அல்லாஹ் சாட்சி' என்று எழுதவில்லை. கேன்டீனில் மீ கோரெங் நேற்றையது என்று சொல்வதற்கே அல்லாஹ்வைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவள் நீ. இவ்வளவு பெரிய விஷயத்தில் கூப்பிடவில்லை. பொய் சொல்வாய், பொய்ச் சத்தியம் செய்யமாட்டாய். அந்த மட்டுக்கும் நல்லவள்தான்.

இரண்டாவது சான்று. நம் ஊரில் மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்கள் மலாயில் எழுதுவார்கள், பெரிய பெரிய எழுத்தில், மூச்சு விடாமல், நாலு வசவோடு. எனக்கு வந்ததோ நல்ல இங்கிலீஷில் ஐந்து பத்தி. முன்னுரை ஒன்று. பிறகு மூன்று கருத்து, ஒவ்வொன்றுக்கும் சான்று. கடைசியில் அழகாக ஒரு முடிவுரை. ஒரு கமா இடம் தவறவில்லை. என்னைக் குழிக்குள் தள்ள உட்கார்ந்தபோதுகூட உனக்குப் பத்தி பிரிக்க மறக்கவில்லையே! நம் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் நான்கு பேர். ஒருத்தி நான். மற்ற இரண்டு பேரும் ஆயுளில் முடிவுரை வரைக்கும் போனதே இல்லை.

பத்தொன்பது வருஷ வேலை, சலேஹா. டியூஷன் பிள்ளைகளுக்கு நான் முன்கூட்டியே கொடுத்த பாசேஜ் பள்ளித் தேர்வில் வந்துவிட்டது என்று நீ எழுதினாய். என்னைப் பாலிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். வாரம் மூன்று நாள் பட்டர்வொர்த்தில் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். எப்படிப் போவேன்? ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பாடம் நடத்துகிறேன். குணாளன் மாதிரி ஆட்களுக்கு மீள்பார்வைப் புத்தகம் எழுதிக் கொடுக்கிறேன், தாளும் திருத்திக் கொடுக்கிறேன்.

எப்படி மனசு வந்தது என்று கேட்டாயே, சொல்கிறேன். குணாளன் அனுப்பிய பட்டியலில் உன் மகள் பெயர் பதினேழாவது. ஒன்பதாவது பாசேஜ் அதற்கு முன்னால் கொடிமலை ரயிலைப் பற்றியது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகுதான் ரயிலை எடுத்துவிட்டு உன் கடிதத்தை வைத்தேன். பழிக்குப் பழி. இதில் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. குணாளனின் மூன்று சென்டரிலும் சேர்த்து நாற்பத்தாறு பிள்ளைகள், அந்தக் கடிதத்தை எழுதியவள் எப்பேர்ப்பட்டவள் என்று வரி வரியாகப் பிரித்து எழுதப் போகிறார்கள். அதில் ஒருத்தி உன் மகள்.

திரும்பப் பெற மாட்டேன்.

பிரமிளா


டத்தோ கிராமாட்
28 செப்டம்பர் 2025

அக்கா,

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்படுங்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்தேன். ஃபாத்திஹா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்தப் புத்தகம், ஒன்பதாவது பாசேஜ், மூன்றாம் பத்தி முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். நான் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை.

"ம்மா, இதுல ராயா பெருநாள் ரெண்டாம் நாளு, ஒரு டீச்சர் வீட்டுலன்னு போட்டிருக்கு. டீச்சர் எக்ஸோட பேக்ல அந்த டியூஷன் பேப்பரப் பாத்தாங்கன்னு."

"அதுக்கு என்ன இப்ப?"

"ராயா ரெண்டாம் நாளு பிரமிளா ஆன்ட்டி நம்ம வீட்டுக்குத்தான வந்தாங்க? அவங்க பேக் என் ரூம்ல கட்டில்ல இருந்துச்சு. நீங்க உள்ள போயி கதவ லாக் பண்ணீங்க. நான் சார்ஜர் எடுக்க வந்து தட்டினேன். தொறக்கவே இல்ல."

"அன்னிக்கு தலைவலி லா. படுத்துட்டேன்."

"இந்த டீச்சர் எக்ஸ் பிரமிளா ஆன்ட்டிதானே?"

நான் புத்தகத்தை மூடினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பள்ளிச் சீருடை இரண்டையும் பாடப் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு வந்தாள். "நான் ஹபீபா மாமி வீட்டுல இருக்கேன். அங்கேருந்து ஸ்கூல் போயிக்கிறேன்" என்றாள். என் நாத்தனார் ஜெலுத்தோங்கில் இருக்கிறாள். பத்து நிமிஷ தூரம்தான். ஆனால் மூன்று நாளாக என் ஃபோனை எடுக்கவில்லை. ஹபீபாவிடம் கேட்டால், "புள்ள சாப்பிடுது, தூங்குது, பேசத்தான் மாட்டேங்குது. நீங்க என்ன செஞ்சீங்க அண்ணி?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கிற நேரம். ஒரே பிள்ளை. எனக்கு இதைவிடப் பெரிதாக உலகத்தில் எதுவும் கிடையாது.

நான் எழுதினேன் என்று ஒப்புக்கொள்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் நம்புவாள். 'உன் அம்மா எழுதவில்லை, வேறு ஒருவர்' என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உங்கள் மடியில் உட்கார்ந்து ஏ, பி, சி படித்தவள். அதற்காகவாவது.

சலேஹா


பாகான் டாலாம்
5 அக்டோபர் 2025

சலேஹா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உள்ளே படுத்திருந்த அவர் "என்ன சிரிப்பு?" என்று கேட்டார். ரொம்ப நாளாயிற்று இந்த வீட்டில் நான் சிரித்து.

உன் மகள் கெட்டிக்காரி. நேரம், இடம், ஆள், மூன்றையும் பொருத்தி ஊகம் செய்திருக்கிறாள். இதைத்தான் வாசிப்புத் திறன் என்கிறோம். நீ சொல்லிக்கொடுத்தால் சண்டை வருகிறது என்றாயே, நான் சொல்லிக்கொடுத்தேன், ஒரே பாசேஜில் வந்துவிட்டது.

உன் மகளிடம் நான் பொய் சொல்ல வேண்டும், அப்படித்தானே? சரி, பேசுகிறேன். ஆனால் சும்மா பேசமாட்டேன். ஒரு நிபந்தனை.

இதோடு அந்த மொட்டைக் கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். டீச்சர் எக்ஸ் இல்லை, என் முழுப் பெயரோடு இருக்கிற அசல் வாசகம். அடியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். அங்கே உன் பெயரை எழுதி, அடையாள அட்டை எண்ணை எழுதி, கையெழுத்துப் போடு. ஒரு வார்த்தை மாற்றக்கூடாது, ஒரு வார்த்தை கூட்டக்கூடாது. அன்றைக்கு எந்த நான்கு இடத்துக்கு அனுப்பினாயோ, அதே நான்கு இடத்துக்கு அனுப்பு. மாநில இலாகா, மாவட்ட அலுவலகம், தலைமையாசிரியை, பெற்றோர் ஆசிரியர் சங்கம். ஒளிந்திருந்து கல் எறிந்தவள் யார் என்று ஊருக்குத் தெரியட்டும். பக்கத்து மேஜைக்காரி, என் வீட்டில் வாரம் ஒரு தடவையாவது சாப்பிட்டவள், அவள்தான் என்று எல்லாரும் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு ஃபாத்திஹாவை நானே கூப்பிட்டுப் பேசுகிறேன். அம்மாவை மன்னித்துவிடு என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

இன்னொன்று. டத்தோ கிராமாட் சென்டரின் விடைத்தாள்கள் புதன்கிழமை வந்துவிட்டன. உன் மகள் தாளும் இருக்கிறது. ஒன்பதாவது பாசேஜுக்கு அவள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். என்ன எழுதினாள் என்று உனக்குச் சொல்லமாட்டேன். கிடந்து தவி.

பிரமிளா


டத்தோ கிராமாட்
13 அக்டோபர் 2025

அக்கா,

சரி. நான்தான் எழுதினேன். வாசித்துவிட்டீர்களா? இன்னொரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் என்று நான் சொல்லப்போகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும்.

பதினோரு வருஷமும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் முதல் வகுப்பு உங்களுக்கு, தேறாத பிள்ளைகளின் கடைசி வகுப்பு எனக்கு. வருஷத் தொடக்கத்தில் தாய்மார்கள் ஆபீஸ் வாசலில் நின்று "பிரமிளா டீச்சர் கிளாஸ்ல போடுங்க" என்று கெஞ்சுவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன், யார் கண்ணுக்கும் தெரியமாட்டேன். உங்கள் பிள்ளைகள் ஏ எடுத்தால் உங்கள் திறமை, என் பிள்ளைகள் ஃபெயில் ஆனால் என் கையாலாகாத்தனம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் அக்கா மாதிரி என்று பொறுத்துக்கொண்டேன்.

அந்த ராயாவுக்கு வந்தீர்களே, என்ன பேசினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? என் மாமியார், நாத்தனார், அவர் பக்கத்துச் சொந்தம் பதினைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லெமாங் சோற்றுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். "சலேஹாவா? நான் இல்லன்னா இவளுக்கு ஒரு பாசேஜ்கூட எடுக்கத் தெரியாது லா." எல்லாரும் சிரித்தார்கள். என் மாமியார் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. என் வீட்டில், என் பெருநாளில், என் கையால் சமைத்ததைத் தின்றுகொண்டு.

அழுவதற்குத்தான் அந்த அறைக்குள் போனேன். கட்டிலில் உங்கள் பை திறந்து கிடந்தது. டியூஷன் தாள் மேலேயே தெரிந்தது. மூன்று வாரம் கழித்துப் பள்ளித் தேர்வில் அதே பாசேஜ் வந்தபோது, ஸ்டாஃப் ரூமில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். நீங்கள் அந்தப் பக்கம் தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் வேலை போகும் என்று நினைக்கவில்லை. ஒரு நாள் தலை குனியட்டும் என்றுதான் நினைத்தேன். அது உண்மை. அல்லாஹ் சாட்சி. இப்போது கூப்பிட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் எழுதியதில் ஒரு பொய்யைக் காட்டுங்கள். உங்கள் டியூஷன் பிள்ளைகள் அந்தப் பாசேஜை முன்பே பார்த்தார்களா, இல்லையா?

கையெழுத்துப் போடமாட்டேன். இந்த வருஷம் என் பெயர் பதவி உயர்வுக்குப் போயிருக்கிறது.

சலேஹா


பாகான் டாலாம்
19 அக்டோபர் 2025

சலேஹா,

பார்த்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். எனக்குத் தெரியும், தெரிந்தும் தேர்வில் அதை வைத்தேன், அது என் தப்பு. உன் கூடத்தில் அப்படிச் சிரித்ததும் தப்புதான். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

உன் கடிதத்தில் பொய் இல்லை. முழுப் பூசணிக்காய் ஒன்று சோற்றில் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தேர்வுக்குப் பாசேஜ் எடுக்க வேண்டிய முறை யாருடையது? என்னுடையதா? தாள் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது கோப்பை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனது யார்? என்ன சொல்லி வைத்துவிட்டுப் போனாள்? ஐந்து பத்தி எழுதத் தெரிந்தவளுக்கு அதை எழுத இடம் இல்லாமல் போய்விட்டது.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்து என்னைக் கேட்டார்கள், இந்தப் பாசேஜைத் தேர்வில் சேர்த்தது யார் என்று. 'நான்தான்' என்றேன். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. உன் பெயரையும் சொன்னால் உன்னையும் தூக்கி எங்காவது போடுவார்கள், கையில் வயதுப் பெண் இருக்கிறாளே, ஒருத்தி போனால் போதும் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்து வெளியே வரும்போதுதான் மொட்டைக் கடிதத்தின் நகலை என் கையில் கொடுத்தார்கள். கார் பார்க்கில் நின்று படித்தேன். இரண்டாம் பத்தி முடிவதற்குள் எழுதினது நீ என்று தெரிந்துவிட்டது. உன்னைக் காப்பாற்றிவிட்டு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என்னைவிடப் பைத்தியக்காரி ஊரில் இருப்பாளா?

ஆகையால் உன் பதவி உயர்வைப் பற்றி என்னிடம் பேசாதே.

மீள்பார்வைப் புத்தகத்தின் விடைப் பகுதி மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. ஒன்பதாவது பாசேஜ், பத்தாவது கேள்வி: 'எழுதியவர் யாராக இருக்கலாம்?' நீ கையெழுத்துப் போட்டு அனுப்பாவிட்டால், அதற்கு விடையாக உன் பெயரும் உன் பள்ளியின் பெயரும் போகும். நாற்பத்தாறு வீட்டுக்கும் போகும்.

தேதி முப்பத்தொன்று. அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

பிரமிளா


டத்தோ கிராமாட்
3 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் விருப்பப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை, ஒரு வார்த்தை கூட்டவில்லை. பெயர், அடையாள அட்டை எண், தேதி எல்லாம் தெளிவாக. முப்பதாம் தேதியே நான்கு இடத்துக்கும் பதிவுத் தபாலில் போய்விட்டது. நீங்கள் கேட்காத ஐந்தாவது நகல் ஒன்றும் போயிருக்கிறது. குணாளனுக்கு.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் இதை யோசிக்கவே இல்லை, நீங்கள்தான் வழி காட்டினீர்கள். மொட்டைக் கடிதம் என்றால் என்ன? யாரோ பொறாமையில் எழுதினது என்று பாதிப் பேர் தூக்கிப் போடுவார்கள். உங்களுக்கு வக்காலத்து வாங்க அன்றைக்கு எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? "பாவம் பிரமிளா டீச்சர், எவளோ சூராட் லாயாங் எழுதிக் கவுத்துட்டா" என்றுதான் இன்றுவரை பேச்சு. இனி அது இல்லை. பதினான்கு வருஷம் வேலை பார்த்த ஒரு டீச்சர், தன் பெயரைப் போட்டு, 'நான் என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினால், அது மொட்டைக் கடிதம் இல்லை அக்கா. அது சாட்சி.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அன்றைக்கே பெயரைப் போட்டிருக்க வேண்டும். இப்போதாவது தைரியம் வந்ததே" என்றார். பதவி உயர்வு தள்ளிப் போகும். போகட்டும்.

ஃபாத்திஹா வீட்டுக்கு வந்துவிட்டாள். நீங்கள் பேசி அனுப்பவில்லை. நானே ஜெலுத்தோங்குக்குப் போய், கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டிச் சொன்னேன். ஹபீபா வீட்டு வாசலில் நின்று இரண்டு பேரும் அழுதோம். "தப்பு செஞ்சவங்களப் பத்தி எழுதினது தப்பில்லம்மா. பேர் போடாததுதான் தப்பு" என்றாள். நேற்று மீன் கறி கேட்டாள். ஆக்கிக் கொடுத்தேன்.

பாசேஜ் எடுக்கும் முறை யாருடையது என்று நீங்கள் இனி எங்கே போய்ச் சொன்னாலும் எடுபடாது. விசாரணையில் சொல்லாததை இரண்டரை வருஷம் கழித்து யார் நம்புவார்கள்? 'நான்தான்' என்று உங்கள் வாயால் சொன்னது பதிவில் இருக்கிறது.

உங்களுக்கு எப்போதும் முதல் வகுப்பு. இந்த ஒரு தடவை கடைசி வகுப்பு டீச்சர் ஜெயித்துவிட்டாள்.

உங்கள் தங்கை,
சலேஹா


பாகான் டாலாம்
8 நவம்பர் 2025

சலேஹா,

ஜெயித்துவிட்டாய். நான் அதை மறுக்கப்போவதில்லை. கேட்டு வாங்கிக்கொண்டது நான். மூன்று நாளாக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

விடைப் பகுதியைக் குணாளன் அச்சுக்கே அனுப்பவில்லை. நேற்று ஃபோன் செய்தான். "டீச்சர், நான் ஒன்னும் சொல்லல. ஆனா பேரண்ட்ஸ் கேக்குறாங்க. பிள்ளைங்க பேப்பர மட்டும் திருத்தி அனுப்பிடுங்க, அதோட முடிச்சுக்குவோம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வீட்டுக்கு வரும் பிள்ளைகளில் ஏழு பேர் இந்த வாரம் வரவில்லை. முன்னறையில் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை காலை ஃபெர்ரியில் கொண்டு வந்து குணாளனிடம் கொடுக்கிறேன். மாலை வகுப்பில் பிள்ளைகள் கைக்குப் போய்விடும்.

உன் மகள் தாளைப் பற்றி உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன் அல்லவா? இப்போது சொல்கிறேன். பத்துக் கேள்விக்கும் ஒழுங்காக விடை எழுதியிருக்கிறாள். தொனி: நேர்மை போலத் தோன்றும் பொறாமை. உறவு: நெருங்கிய தோழி. எனக்கு வேண்டிய விடைகள்தான். ஆனால் அதோடு அவள் நிறுத்தவில்லை. அடியில் கோடு போட்டு, அவளாகவே ஒன்று எழுதியிருக்கிறாள். 'பத்துக் கேள்வியும் கடிதம் எழுதியவரைப் பற்றியே இருக்கிறது. டீச்சர் எக்ஸ் ஏன் அதே பாசேஜைத் தேர்வில் வைத்தார் என்று ஒரு கேள்விகூட இல்லை. கேள்வி தயாரித்தவருக்கு அதன் விடை தெரியும் என்று நினைக்கிறேன்.'

நாற்பத்தாறு பேரில் இதைக் கேட்டது அவள் ஒருத்திதான். படித்ததும் எனக்கு முகம் சுட்டது. ஐந்து வாரம் அந்தத் தாளில் கை வைக்காமல் தள்ளி வைத்திருந்தேன். பதினேழு வயதுப் பெண் என்னைப் பிடித்துவிட்டாளே என்ற வெட்கம். உன்னைப் பழிவாங்கும் அவசரத்தில் ஒரு பிள்ளையை இழுத்துவிட்டோமே என்றும் தோன்றியது. உன் மூன்றாம் தேதிக் கடிதம் வரும்வரை தோன்றியது.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு விடை சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வராது. நேற்று சிவப்பு மையால் அவள் கேள்விக்குக் கீழே இங்கிலீஷில் எழுதினேன்: 'நல்ல கேள்வி. விடை இத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது.'

நீ கோப்பை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாயே, அதன் உள்ளே ஒரு தாள் செருகியிருந்தது. நினைவிருக்கிறதா? தேர்வுக் கோப்பில் எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை, அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ எழுதியது இதுதான். 'அக்கா, நோன்பு வச்சிக்கிட்டு என்னால முடியல. பாசேஜ் எடுக்கல. நீங்க உங்க டியூஷன் பாசேஜ்ல ஒண்ணப் போட்டுடுங்க லா. யாருக்குத் தெரியப் போவுது? கேட்டா நான் பாத்துக்கிறேன். சலே.' தேதியும் போட்டிருக்கிறாய்.

நகல் இல்லை. அசல். அவள் விடைத்தாளோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன். நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் இல்லை. இலாகாவுக்கு அனுப்பியிருந்தால் என் பெயர் பாதியாவது வெளுத்திருக்கும். அவர் "அனுப்பு, அனுப்பு" என்றுதான் சொன்னார். என் பெயர் வெளுப்பதைவிட உன் முகம் வெளுப்பதுதான் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ஆனால் நீ எழுதியது தமிழில். நீயும் நானும் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், நமக்குள் அப்படித்தானே எழுதிக்கொள்வோம். அவளை நீ மலாய்ப் பள்ளியில் போட்டாய், தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. உன் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான் மொழிபெயர்த்து எழுதி வைத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு உன்னிடம்தான் வருவாள். "ம்மா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பாள். இருபதுக்கு இருபது போட்டிருக்கிறேன், அதையும் காட்டுவாள்.

படித்துக் காட்டு. மாற்றியும் படிக்கலாம். உன் வீடு, உன் வாய், தடுக்க நான் யார்? ஆனால் நீ படிக்கும்போது அவள் அந்தத் தாளைப் பார்க்கமாட்டாள், சலேஹா. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிரமிளா